அடுப்படியில் நிற்பவர் யார்? சிட்னியின் புதிய உணவகங்களில் இரு தினங்கள்

புலம்பெயர்ந்த தமிழர் ஒரு நகரில் நிலைகொண்டுவிட்டனர் என்பதற்குக் கோவிலையும் வாரஇறுதித் தமிழ்ப் பாடசாலையையும் சான்றாகக் காட்டுவது எம்மவரின் வழக்கம். மூன்றாவதாகச் சாப்பாட்டுக் கடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது எமது கருத்து. கோவிலை நன்கொடை தாங்கும். பாடசாலையைத் தொண்டர்கள் தாங்குவர். கடையையோ, காசு கொடுத்துச் சாப்பிட மறுபடியும் வருவோர் மட்டுமே தாங்க முடியும். ஆதலால் ஒரு சமூகத்தில் யார் உழைக்கின்றனர், யார் செலவிடுகின்றனர் என்பதைக் கோவில் மண்டபத்தைவிடச் சாப்பாட்டுக் கடையே ஒளிவுமறைவின்றிச் சொல்லும்.

சிட்னி நகரின் மேற்குப் புறத்தில் அண்மைக் காலமாகப் புதிய சிறு உணவகங்கள் தோன்றிய வண்ணம் உள்ளன. வாசகர்கள் சிலர் அவைபற்றி எழுதுமாறு கேட்டிருந்தனர். ஒரு சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் இதற்கென ஒதுக்கிக்கொண்டு, நண்பர் ஒருவரையும் உடன் அழைத்து, புகையிரதத்திலும் கால்நடையாகவும் சென்று வந்தோம். ஒரே பெயரில் பல ஊர்களில் கிளை விரித்த நிறுவனங்களை விலக்கிக்கொண்டோம். சரவண பவனுக்கும் அஞ்சப்பருக்கும் எமது எழுத்து தேவையில்லை. 2007இல் மெல்பேர்ணின் மேற்கு ஃபூட்ஸ்கிறேயில் ஒரு தோசைக் கடையாகத் தொடங்கிய 'தோசா ஹட்' இன்று பல நகரங்களில் பரந்து நிற்கிறது, அதற்கும் தேவையில்லை. ஒரு குடும்பமோ இரண்டு மூன்று நண்பர்களோ கைக்காசைப் போட்டு நடத்தும் கடைகளையே நாடினோம்.

இச்சிறு கடைகளின் பெயர்களை இங்கு நாம் அச்சிடப்போவதில்லை. கட்டுரை விளம்பரமாகிவிடும் என்பது ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் வேறு. அக்கடைகளின் பின்கட்டில் வேலை செய்வோரில் பலருடைய விசா விவகாரம் இன்னும் முடிந்தபாடில்லை. எந்தக் கடையில், எந்த நேரத்தில், என்ன வேலை செய்கின்றனர் என்பது பத்திரிகையில் வருவதை அவர்கள் விரும்பவில்லை. அவ்விருப்பத்தை மதிப்பது எமது கடமை.

தண்டவாளத்தோரம் ஓர் ஊர்

நகரிலிருந்து மேற்கே செல்லும் புகையிரதப் பாதையில் ஹரிஸ் பார்க், பரமட்டா, வெஸ்ட்மீட், வென்ட்வேர்த்வில், பெண்டில் ஹில், துங்காபி என்ற வரிசையில் நிலையங்கள் வரும். 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின்னர் இந்நாட்டுக்கு வந்த எம்மவரில் மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர் பலர். அவர்களின் முதற் குடியிருப்பு ஹோம்புஷ், ஸ்ட்ரத்ஃபீல்ட் பகுதிகளில் அமைந்தது. காணி விலை ஏற ஏறப் புதிதாக வந்தோரும் வீடு வாங்க எண்ணியோரும் பரமட்டாவுக்கு அப்பால் நகர்ந்தனர். 2009ஆம் ஆண்டு போர் முடிவுற்ற பின்னர் படகேறி வந்தோரும், 2012இல் மாத்திரம் இலங்கையிலிருந்து வந்த ஆறாயிரத்துக்கும் அதிகமானோரில் சிட்னிக்கு அனுப்பப்பட்டோரும், தெரிந்த முகத்தைத் தேடி இதே பாதையோரத்துக்கு வந்து சேர்ந்தனர். சாப்பிடுவோர் பெரும்பாலும் முன்னைய அலையினர். சமைப்போர் பெரும்பாலும் பின்னைய அலையினர். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். எனினும் நாம் கண்டது இதுவே.

சனிக்கிழமை காலையுணவை வென்ட்வேர்த்வில்லில் வைத்துக்கொண்டோம். சென்னையிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் கணினித் தொழிலுக்காக வந்த குடும்பங்கள் இங்கு ஏராளம். அதனால் நிலையத்தை அண்டிய வீதிகளில் இட்டலி, வடை, பொங்கல் மணக்கிறது. புதிய கடையொன்றில் தோசையை இருவகையாகப் பட்டியலில் எழுதியிருந்தனர். ஒன்று தமிழ்நாட்டு முறுகல் தோசை. மற்றையது யாழ்ப்பாணத் தோசை: வெந்தயம் சேர்த்து, தாளிதம் இட்டு, மஞ்சள் படிந்து, மெத்தென்று சற்றுத் தடிப்பாக இருப்பது. சம்பலோடுதான் அதைச் சாப்பிட வேண்டும். சாம்பாரோடு சாப்பிடுவது அதற்குச் செய்யும் அநீதி என்பது எமது தனிப்பட்ட கட்சி. அன்று காலை முறுகல் தோசை பத்துப் போனால் எமது தோசை இரண்டு போயிற்று. கடைக்காரர் அதைப்பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. முறுகல் தோசை வாடகையைக் கட்டும், மற்றையது தமது மனத்துக்கு என்று சிரித்தார்.

பெண்டில் ஹில்லில் உட்கார்ந்து உண்ணும் கடைகளைவிட எடுத்துச் செல்லும் கடைகளே எம்மைக் கவர்ந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸ், கட்லற், பற்றிஸ், கடலை வடை. அருகில் பத்துப் பத்தாகக் கட்டி வைத்த இடியப்பம். இவற்றுள் ஒரு பகுதி வீட்டு அடுக்களைகளில் இருந்து வருவது. 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றினால் உணவகங்கள் மூடப்பட்டபோது அரசாங்கம் வழங்கிய ஊதிய மானியமும் வேலையற்றோர் உதவியும் தற்காலிக இணைப்பு விசாவில் இருந்தோருக்குக் கிடைக்கவில்லை என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அவ்வேளையில் இடியப்ப உரலும் நீத்துப்பெட்டியும் பல குடும்பங்களைக் காப்பாற்றின. தொற்று ஓய்ந்தும் அவ்வழக்கம் ஓயவில்லை. சில கடைகள் அந்த அடுக்களைகளின் நீட்சியே. வீட்டிலிருந்து விற்பவர் உள்ளூராட்சி மன்றத்துக்கு அறிவித்துவிட்டே விற்க வேண்டும் என்பது இம்மாநிலச் சட்டம். அறிவியாமல் விற்போர் உளர். அவர்களை நாம் குறைகூற வரவில்லை. ஆனால் ஒரு முறைப்பாடு வந்தாலே எல்லாம் நின்றுவிடும் என்பதால், அறிவித்துவிடுவதே நன்று.

துங்காபியில் ஒரு கூழ்ப்பானை

மதியம் துங்காபிக்குச் சென்றோம். எட்டு மேசைகள் கொண்ட சிறிய கடை. சோறு, மீன் குழம்பு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, அப்பளம் என்று ஊரில் ஒரு வீட்டில் சாப்பிடுவது போன்ற சாப்பாடு. ஆனால் நாம் அங்கு சென்றது கூழுக்காக. சனிக்கிழமைகளில் மட்டும் ஒரு பானை ஒடியற் கூழ் வைக்கின்றனர்.

இந்நாட்டில் பிறந்த எமது பிள்ளைகளுக்காக ஒரு சிறு விளக்கம். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவே ஒடியல் மா. அம்மாவை நீரில் ஊறவைத்து, மேலே தெளிந்த நீரை வடித்துக் கைப்பை நீக்க வேண்டும். நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை எல்லாவற்றையும் ஒரே பானையில் வேகவிட்டு, செத்தல் மிளகாயையும் பழப்புளியையும் சேர்த்து, இறுதியில் மாவைக் கரைத்து ஊற்றித் துழாவ வேண்டும். ஊரில் பலாவிலையைக் கோலி அதிலே குடிப்போம். இங்கே பலாவிலைக்கு எங்கே போவது? கடதாசிக் கோப்பைதான். முருங்கையிலை உறையவைத்துப் பொதியில் வருகிறது. பலாக்கொட்டையும் அவ்வாறே. நண்டு மட்டும் இந்நாட்டுக் கடலில் பிடித்த நீலக்கால் நண்டு. எமக்கு முன்னால் வரிசையில் நின்ற முதியவர் ஒருவர் முதல் வாய் குடித்துவிட்டு, புளி போதாது என்றார். பின்னர் இரண்டாவது கோப்பைக்கும் காசு கொடுத்தார்.

கூழ் வைப்பவர் நாற்பதை அண்டிய வயதினர். தீவகத்தைச் சேர்ந்தவர். 2012ஆம் ஆண்டு செப்டெம்பரில் படகில் கிறிஸ்மஸ் தீவுக்கு வந்து, தடுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டுச் சிட்னிக்கு வந்தார். அவ்வாண்டு ஓகஸ்ட் 13ஆம் திகதிக்குப் பின்னர் படகில் வந்தோர்க்கு வேலை செய்யும் உரிமை மறுக்கப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் சும்மா இருந்ததாகவும், சும்மா இருந்த காலத்தில் ஏழுபேர் இருந்த வீட்டில் எல்லோருக்கும் சமைத்ததாகவும் அவர் கூறினார். 2014 டிசெம்பரில் சட்டம் மாறியது. வேலை உரிமை கிடைத்தது. கூடவே தற்காலிகப் பாதுகாப்பு விசாவும் மீண்டும் வந்தது. உணவகமொன்றில் பாத்திரம் கழுவுபவராகச் சேர்ந்து, வெங்காயம் வெட்டி, ரொட்டி வீசப் பழகி, சமையற்காரரானார். 2023 பெப்ரவரியில், தற்காலிக விசா வைத்திருந்த ஏறத்தாழ 19,000 பேர் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. அவருக்கும் அது கிடைத்தது. கிடைத்த பின்னரே கட்டட உரிமையாளர் அவருடைய பெயரைக் குத்தகைப் பத்திரத்தில் எழுதச் சம்மதித்தாராம். இன்று அக்கடையில் மூன்றிலொரு பங்கு அவருடையது.

அதே கடையின் பின்கட்டில் பாத்திரம் கழுவுபவர் அவரோடு ஒரே படகில் வந்தவர். ஒரே ஊர், ஒரே வாரம், ஒரே கடல். ஆனால் 'துரித நடைமுறை' என்று பெயரிடப்பட்ட விசாரணையில் அவருடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீடும் அவரை நேரில் அழைத்து விசாரிக்காமல், கடதாசிகளைப் பார்த்தே தீர்க்கப்பட்டது. அம்மேன்முறையீட்டு அமைப்பு 2024 ஒக்டோபரில் ஒழிக்கப்பட்டுவிட்டது. அதனால் பாதிக்கப்பட்டோரின் நிலை அதனோடு ஒழிந்துவிடவில்லை. அவர் இன்னமும் இணைப்பு விசாவில் இருக்கிறார். அது முடிவடைந்து புதுப்பிக்கப்படும் வரையிலான இடைவெளியில் வேலைக்குப் போகவும் முடிவதில்லை. அவருக்கு நன்றாகச் சமைக்கத் தெரியும். கூழுக்கு மாவு கரைப்பவர் அவரே. பங்குதாரராக வேண்டும் என்ற விருப்பமும் உண்டு. சிறுகச் சேர்த்த பணமும் உண்டு. எப்போது வெளியேறச் சொல்வார்களோ என்ற நிலையில் உள்ளவரோடு ஐந்து ஆண்டுக் குத்தகையில் யார் கையெழுத்திடுவர்? வங்கி கடன் கொடுக்குமா? ஒரே பானைக் கூழைத் துழாவும் இருவருக்கிடையே உள்ள வேறுபாடு கைப்பக்குவத்தில் இல்லை, கடதாசியில் இருக்கிறது.

மாலையில் ஹரிஸ் பார்க் சென்றோம். விக்ரம் வீதியிலும் மேரியன் வீதியிலும் பழைய செங்கல் வீடுகளே உணவகங்களாகி, முற்றங்களில் மேசைகள் போட்டிருக்கின்றனர். 2023 மே மாதம் இந்தியப் பிரதமர் சிட்னி வந்திருந்தபோது இப்பகுதிக்குக் 'குட்டி இந்தியா' என்ற பெயர் அரச மரியாதையோடு சூட்டப்பட்டது. கூட்டமும் வெளிச்சமும் நிறைந்த இடம். பஞ்சாபி, குஜராத்தி, ஹைதராபாத் உணவுக்குக் குறைவில்லை. எமது தேடலுக்கு அங்கு அதிக வேலை இருக்கவில்லை. ஒரு குல்பியைச் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம்.

கொத்துரொட்டியின் விலை

இரவு பத்து மணியளவில் வேறொரு நிலையத்தருகே கொத்துரொட்டிக் கடையொன்றில் அமர்ந்தோம். கிழக்கு மாகாணத்தில் பிறந்ததாகப் பரவலாகச் சொல்லப்படும் இவ்வுணவு, இன்று லண்டன், பாரிஸ், ரொறன்ரோ எங்கும் எம்மவரின் இரவுச் சாப்பாடாகிவிட்டது. தகட்டில் இரும்பு விழும் ஓசை வீதிக்குக் கேட்கிறது. பட்டியலில் விலை இருபது டொலருக்குச் சற்றுக் குறைவு. பக்கத்து மேசையில் இருந்த குடும்பத்தினர், ஊரில் இது எவ்வளவு, இங்கே எவ்வளவு என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தனர். அவர்கள் வந்திறங்கிய வாகனத்தின் விலையை நாம் கணக்குப் பார்க்கவில்லை.

இக்கணக்கை ஒருமுறை ஒழுங்காகப் பார்த்துவிடுவோம். 2025 யூலை 1ஆம் திகதி முதல் இந்நாட்டில் வயதுவந்தோருக்கான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24 டொலர் 95 சதம் என்று விதிக்கப்பட்டது. நிரந்தரமற்ற ஊழியருக்கு அதன்மேல் 25 சதவீதம் கூட்டினால் 31 டொலரைத் தாண்டும். உணவகத் தொழிலுக்கெனத் தனி ஊதிய விதிகள் உள்ளன. சனி, ஞாயிறுகளில் இன்னும் கூடும். இதற்கு மேல் ஓய்வூதிய நிதிக்கு 12 சதவீதம். வாடகை, மின்சாரம், எரிவாயு, காப்புறுதி யாவும் வேறு. ரொட்டி மாவைப் பிசைந்து ஊறவைத்து வீசுபவர் ஒருவர், கறி காய்ச்சுபவர் ஒருவர், கொத்துபவர் ஒருவர், கழுவுபவர் ஒருவர். பதினைந்து டொலருக்குக் கொத்துரொட்டி தரும் கடை இந்த நால்வரில் யாரோ ஒருவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை என்றே நாம் கருதுகிறோம். அல்லது கடைக்காரரின் மனைவி கூலியின்றி நிற்கிறார்.

இரு தினங்களில் நாம் கேட்ட கதைகளில் ஒன்று பலமுறை திரும்பி வந்தது. சனிக்கிழமை பதினொரு மணிநேரம் நின்று, நூற்றிருபது டொலரைக் கையில் வாங்கிக்கொண்டு, பற்றுச்சீட்டு இல்லாமல் வீடு திரும்பும் கதை. மணிக்குப் பதினொரு டொலர்கூட இல்லை. சட்டம் விதித்த கூலியில் பாதியும் இல்லை. கொடுத்தவர் வேற்றினத்தவர் என்றால் எமது சங்கங்கள் அறிக்கை விட்டிருக்கும். கொடுத்தவர் எம்மவர், கோவில் உபயகாரர், விசாவுக்குக் கடிதம் தருவதாகச் சொன்னவர். ஆகவே எல்லோரும் மௌனம். உறவு முறை சொல்லி அழைத்து உழைப்பைக் களவெடுப்பதை உதவி என்று அழைக்கும் வழக்கத்தை இனியேனும் கைவிட வேண்டும். தெரிந்தே ஊதியத்தைக் குறைத்துக் கொடுப்பது 2025 சனவரி 1 முதல் இந்நாட்டில் குற்றவியற் குற்றம் என்பதையும் முதலாளிமார் அறிந்திருத்தல் நலம். எல்லாக் கடைகளும் இப்படி என்று நாம் எழுதவில்லை. துங்காபிக் கடையில் எல்லோருக்கும் வங்கிக் கணக்கிலேயே சம்பளம் போகிறது. அங்கு சோற்றின் விலை அயல் கடைகளைவிட மூன்று நான்கு டொலர் அதிகம். அதனால் வாடிக்கையாளரை இழந்ததும் உண்டு என்கின்றனர்.

பிட்டுக்கு ஒரு விரிவுரை

ஞாயிறு காலை மேய்ஸ் ஹில் முருகன் கோவிலுக்குச் சென்று, அங்குள்ள உணவுச்சாலையில் வடையும் தேநீரும் அருந்திவிட்டு நகரின் மறுபுறம் புறப்பட்டோம். மேற்கில் எமது உணவு எமக்காகச் சமைக்கப்படுகிறது. நகர நடுவிலும் அதையடுத்த என்மோர், நியூட்டவுண், டார்லிங்ஹேர்ஸ்ட் பகுதிகளிலும் அது பிறருக்காகச் சமைக்கப்படுகிறது.

அவ்வழியைத் திறந்தோர் பலர். கொழும்பில் பிறந்து 1959இல் சிட்னிக்கு வந்த சார்மெய்ன் சொலமன் 1976இல் வெளியிட்ட ஆசியச் சமையல் நூலிலிருந்துதான் இந்நாட்டின் ஒரு தலைமுறை சம்பலையும் சொதியையும் அறிந்தது. 2004இல் பீற்றர் குருவிட்ட பிர்மொன்ற் கடலோரத்தில் திறந்த உணவகத்தில் இலங்கை மீன்குழம்பு வெள்ளை மேசைவிரிப்பில் வைக்கப்பட்டது. 2018இல் ஓ ரமா கேரி தொடங்கிய 'லங்கன் ஃபில்லிங் ஸ்ரேஷன்' அப்பத்தை நகரத்து இளையோரின் உணவாக்கியது. 2019இல் சோன் கிறிஸ்டி-டேவிட் என்மோரில் திறந்த 'கொழும்பு சோஷல்' இன்னொரு படி சென்றது: தாயின் சமையற் குறிப்புகளைப் பட்டியலாக்கி, புகலிடம் கோரியோருக்கும் அகதிகளுக்கும் வேலையும் பயிற்சியும் கொடுப்பதையே கடையின் நோக்கமாக வெளிப்படையாக அறிவித்தது. 2022இல் அதே குழுவினர் ஆப்கானியப் பெண்கள் சமைக்கும் 'காபூல் சோஷல்' என்ற கடையையும் நகர நடுவில் திறந்தனர்.

இவை பெயர்பெற்றவை. இவற்றின் வெற்றியைக் கண்டு வேறு சிறு கடைகளும் தோன்றியுள்ளன. அத்தகைய ஒன்றில் மதிய உணவு உண்டோம். யாழ்ப்பாண நண்டுக்கறி என்ற பெயர் இப்போது இந்நகரப் பட்டியல்களில் கட்டாயமாகிவிட்டது. யாழ்ப்பாணத்தார் இல்லாத கடைகளிலும் அது இருக்கிறது. நண்டு நன்றாகவே இருந்தது. உறைப்பைக் குறைத்து இனிப்பைக் கூட்டியிருந்தனர். பரிமாறிய இளம்பெண் மிகுந்த அன்போடு பிட்டு என்றால் என்ன, அதை எவ்வாறு கறியோடு குழைத்துச் சாப்பிட வேண்டும் என்று எமக்கு விரிவுரை ஆற்றினார். முன்னொரு காலத்தில் பல்கலைக்கழகத்தில் விரிவுரை ஆற்றிய நாம், நல்ல மாணவரைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தோம். நண்பர்தான் சிரிப்பை அடக்கமுடியாமல் வெளியே சென்றுவிட்டார். விலை துங்காபியின் இரு மடங்கு. யாழ்ப்பாணத்து மலாயன் கபேயில் வாழையிலையில் சாப்பிட்டுப் பழகியோருக்கு இது அநியாயமாகத் தோன்றும். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. எமது உணவுக்கு மற்றவர் நல்ல விலை கொடுக்கிறார்கள். நாம்தான் கொடுக்க மறுக்கிறோம்.

மெல்பேர்ண் நண்பர்கள் இவ்விடத்தில் தமது நகரை மறந்துவிட்டதாகக் கோபித்துக்கொள்வர். மறக்கவில்லை. 2015இல் கிழக்கு பிறன்ஸ்விக்கில் உள்ள 'செரிஸ்' சுற்றுச்சூழல் பூங்காவில், நீண்ட காலம் தடுப்பிலிருந்து விடுதலையான எமது இளைஞர் சிலர் தொடங்கிய 'தமிழ் ஃபீஸ்ற்ஸ்' என்ற விருந்துகளைப்பற்றி வாசகர்கள் அறிவர். நீண்ட மேசைகளில் அறிமுகமில்லாதோர் அருகருகே அமர்ந்து கையால் உண்டனர். தமிழ் என்ற பெயர் அங்கு ஒளிக்கப்படவில்லை, பலகையிலேயே இருந்தது. ஃபூட்ஸ்கிறேயில் இயங்கும் புகலிடம் கோருவோர் வள நிலையமும் புகலிடம் கோருவோரைக் கொண்டு விழாக்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் பிரிவொன்றை நடத்துகிறது. இலங்கையில் பிறந்த சனக பெர்னாண்டோ 2000இல் சென் கில்டாவில் தொடங்கிய 'லென்ரில் அஸ் எனிதிங்' கடைகளில் விலையே இல்லை. விரும்பியதைப் பெட்டியில் போடலாம். இருபது ஆண்டுகள் பல்லாயிரவரின் பசியாற்றிய அக்கடைகள் கொரோனாவுக்குப் பின் மூடப்பட்டன. தருமம் நல்லது, அது வாடகையைக் கட்டாது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம்.

கப்ரமற்றாவின் கணக்கு

ஞாயிறு மாலை வீடு திரும்பாமல் தென்மேற்கே கப்ரமற்றாவுக்குச் சென்றோம். எமது உணவு அங்கில்லை. எமக்கு முன் வந்த அகதிகள் என்ன ஆனார்கள் என்று பார்க்க விரும்பினோம். 1976 ஏப்ரல் 26ஆம் திகதி ஐந்து வியட்நாமியர் ஒரு சிறு மீன்பிடிப் படகில் டார்வின் துறையை வந்தடைந்தனர். அடுத்த ஆண்டுகளில் அவ்வாறு நேராகப் படகில் வந்தோர் ஏறத்தாழ இரண்டாயிரவரே. ஏனைய பல்லாயிரவர் தென்கிழக்காசிய முகாம்களிலிருந்து விமானத்தில் அழைத்து வரப்பட்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் வில்லவூட், கப்ரமற்றா விடுதிகளில் தங்கி, ஆங்கிலம் படித்து, தொழிற்சாலைகளில் சேர்ந்தனர். வில்லவூட் என்ற பெயரைக் கேட்டதும் எமது வாசகர் சிலருக்கு வேறு நினைவு வரும். அவ்விடுதி நிலத்தில்தான் இன்றைய தடுப்பு நிலையம் இருக்கிறது. கப்ரமற்றாவிலிருந்து புகையிரதத்தில் இரண்டாவது நிலையம் அது.

ஜோன் வீதியில் 'ஃபோ' என்னும் நூடில்ஸ் சூப்பை அருந்தியபடி நாம் எண்ணியது இதைத்தான். வியட்நாமியருக்கும் ஆங்கிலம் தெரிந்திருக்கவில்லை. கையில் பணம் இருக்கவில்லை. அவர்களையும் இந்நாட்டில் பலர் வெறுத்தனர். ஆனால் அவர்களை ஏற்றபோது நிரந்தரமாக ஏற்றனர். நிரந்தரமாக வாழ்பவர் குத்தகை எடுக்கலாம், கடன் வாங்கலாம், உறவினரை அழைத்துப் பங்காளியாக்கலாம். பிள்ளைகள் மேலும் சென்றனர். அப்பிள்ளைகளுள் ஒருவரான போலின் நியூயன் 2002இல் சரி ஹில்ஸில் திறந்த 'ரெட் லன்ரேர்ன்' நகரத்தார் தேடிச் சென்ற உணவகமாயிற்று. தற்காலிகப் பாதுகாப்பு விசா என்பது 1999இல்தான் இந்நாட்டில் உருவானது. 2008இல் ஒழிக்கப்பட்டு 2014இல் மீண்டும் வந்தது. எமது படகுகள் அதன் நிழலில் வந்து சேர்ந்தன. கப்ரமற்றாவில் வியட்நாமியர் ஒரு வீதியையே எழுப்பிய அதே அளவு காலத்தை எமது சமையற்காரர் பலர் பாத்திரம் கழுவியே கழித்தனர். திறமையில் குறைந்தவர்கள் அல்லர்.

நிரந்தர விசா பெற்றுக் கடை தொடங்க எண்ணுவோர் சிலர் எம்மிடம் விபரம் கேட்டனர். நியூ சவுத் வேல்ஸில் சமைத்து விற்கும் கடைகள் பெரும்பாலானவற்றில் உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் சான்றிதழ் பெற்ற ஒருவராவது இருக்க வேண்டும்; குறுகிய பயிற்சி நெறிதான். உள்ளூராட்சி மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். குத்தகைப் பத்திரத்தை, உறவினர் எவ்வளவு வற்புறுத்தினாலும், சட்டத்தரணியிடம் காட்டாமல் கையெழுத்திட வேண்டாம். பங்காளிகளுக்கிடையில் வாய்ப்பேச்சு போதாது, எழுத்தில் வேண்டும். துங்காபிக் கடையினர் தமது மூன்று பங்குகளையும் எழுதி வைத்திருக்கின்றனர்.

வேலை செய்த கூலி கிடைக்காதோர் நியாயமான தொழில் குறைகேள் அதிகாரியின் 13 13 94 என்ற இலக்கத்தை அழைக்கலாம். ஆங்கிலம் சிரமமாயின் முதலில் 131 450ஐ அழைத்து 'தமிழ்' என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வருவார். அவரூடாகவே மற்றைய இலக்கத்துக்கு இணைக்கச் சொல்லலாம். உங்கள் பெயரைத் தெரிவிக்காமல் தகவல் கொடுப்பதற்கும் வழியுண்டு. தற்காலிக விசாவில் இருக்கும் தொழிலாளரின் முறைப்பாட்டுக்கு 2024 யூலை முதல் கூடுதற் பாதுகாப்பும் சட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. வேலை செய்த நாளையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் அன்றன்றே குறித்து வையுங்கள். கையில் வாங்கிய தொகையையும் அதன் பக்கத்திலேயே எழுதுங்கள்.